கட்டடமும் சம்பளப் போதகரும் இல்லாத சிறு ஐக்கியம்: எதையெல்லாம் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்?

அத்திமரநிழல்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் 7 குடும்பங்கள். பெரியவர்கள் 14 பேர், பிள்ளைகள் 6 பேர். வாரத்தில் ஒரு நாள் மாலை, வீடு மாற்றி வீடு கூடி வேதம் வாசித்து, ஜெபித்து, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம். வேதபாடக் குழுவாகத்தான் தொடங்கியது. இன்று பாதிப் பேருக்கு இதைத் தவிர வேறு சபை கிடையாது. ஷிஃப்ட் வேலை, பழைய சபையில் பட்ட காயம், ஊர் மாற்றம் என்று ஆளுக்கொரு காரணம். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை அவரவர் சபைக்குப் போகிறார்கள். அதை விடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை.

"இதுவே சபைதானே, இப்படியே நடத்தலாமே" என்ற பேச்சு இப்போது வந்திருக்கிறது. கட்டடமும் சம்பளப் போதகரும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருக்கிறார்கள். மற்றதெல்லாம் குழப்பம். எத்தனை பேர் வரை ஒன்றாகக் கூடலாம்? ஒரே ஆள் பேசிக்கொண்டே போவதை எப்படித் தடுப்பது? காணிக்கை எடுக்கலாமா, எடுத்தால் யார் கையில் இருக்க வேண்டும்? திருவிருந்து, ஞானஸ்நானம் எல்லாம் என்ன செய்வது? எந்தச் சபைக்கும் உட்படாமல் தனியாக இருப்பது சரியா? ஆவியானவர் நடத்துவார் என்பதை நாங்களும் விசுவாசிக்கிறோம். எங்களுக்கு வேண்டியது கையில் எடுத்துச் செய்யக்கூடிய ஆலோசனை.

பெரோயன்

பிரதர், முதலில் நீங்கள் எந்த வகை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு இது சபை, பாதிப் பேருக்கு இது வார நாள் கூட்டம் என்ற நிலை சும்மா இருக்கும்வரைதான் ஓடும். ஒரு வீட்டில் சாவு விழுந்தாலோ, ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலோ, இரண்டு பேருக்குள் சண்டை வந்தாலோ, "இதற்கு யார் பொறுப்பு" என்ற கேள்வி வரும். அன்றைக்கு உட்கார்ந்து விதி எழுத முடியாது.

வீட்டில் கூடுவது புதிதல்ல. ரோமர் 16:5, கொலோசெயர் 4:15, பிலேமோன் 2 மூன்றிலும் வீட்டுச் சபை இருக்கிறது. சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த 3-ஆம் நூற்றாண்டு வீட்டுச் சபையைப் பாருங்கள். சாதாரண முற்றம் வைத்த வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. சுவரை எடுத்ததும் அது குடியிருக்கும் வீடாக இல்லை, வழிபாட்டு இடமாகிவிட்டது. ஆகவே வீடா ஆலயமா என்பது அவ்வளவு பெரிய பிரிவினை அல்ல. உறவுகளை எது கட்டி வைத்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்று உலகத்தில் நடப்பவற்றை நான் இப்படிப் பிரிப்பேன். பங்குக்கு (ஒரு ஆலயத்தின் எல்லைக்கு) உட்பட்ட சிறு குழு ஒன்று. கத்தோலிக்கர் அன்பியம் என்பார்கள். லத்தீன் அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 1968-இல் கொலம்பியாவின் மெதெயினில் கூடியபோது இதற்குப் பெரிய ஊக்கம் கிடைத்தது, கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976-இல் இதையே தங்கள் முதன்மைப் பணி என்றார்கள். இதில் அருட்சாதனங்கள் (திருவிருந்து, ஞானஸ்நானம் போன்றவை) பங்கிலிருந்து வரும், வேத வாசிப்பும் அக்கம்பக்கத்து உதவியும் குழுவில் நடக்கும். கெடுவது எங்கே என்றால், பங்கின் வரி வசூலுக்கும் திருவிழா வேலைக்கும் மட்டும் குழுவை இழுக்கும்போது.

இரண்டாவது, ஒரு பெரிய திருச்சபை தன் அமைப்புக்குள்ளேயே புது முளை விட அனுமதிப்பது. இங்கிலாந்துத் திருச்சபை 2004-இல் வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்டவற்றை 12 வகையாகப் பட்டியலிட்டது. காபிக்கடையில் கூடுவது, பள்ளியில் கூடுவது, ஒரே தொழில் அல்லது நட்பு வட்டத்தில் கூடுவது எல்லாம் அதில் உண்டு. பங்கு எல்லையைத் தாண்டி இவற்றை நடத்த ஆயர் உத்தரவு கொடுக்க 2007-இல் சட்டமே செய்தார்கள்.

மூன்றாவது, சிதறி வாழ்ந்து ஒரே ஒழுங்கைக் கைக்கொள்ளும் ஐக்கியம். 1938-இல் ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் மெக்லவுட் தொடங்கிய அயோனா ஐக்கியம் நல்ல மாதிரி. உறுப்பினர்கள் அவரவர் ஊரில், அவரவர் சபையில் இருக்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட காரியங்களில் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கிறார்கள்: தினசரி ஜெபமும் வேத வாசிப்பும், பணத்தைப் பயன்படுத்தும் விதம், நேரத்தைப் பயன்படுத்தும் விதம், நீதிக்கும் சமாதானத்துக்குமான செயல், ஒருவரையொருவர் சந்திப்பது. இவை தவிர, ஒரே கூரையின் கீழ் வாழும் ஐக்கியங்கள் உண்டு. எந்த அமைப்பிலும் சேராத வீட்டுச் சபைகளும் உண்டு. சீனாவில் 1966-க்குப் பின் ஆலயங்கள் மூடப்பட்டபோது வீடுகளே அடைக்கலம் ஆனதால் அங்கே அது தேர்ந்தெடுத்த வழி அல்ல, கிடைத்த ஒரே வழி.

உங்கள் நிலைக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். சபை உள்ளவர் சபையை விடத் தேவையில்லை, இல்லாதவர் அநாதையாக இருக்கவும் தேவையில்லை. ஒரே பக்கத்தில் வாழ்வு ஒழுங்கு ஒன்றை எழுதுங்கள், ஐந்து வாக்குறுதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் "செய்தேன், செய்யவில்லை" என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ஜெப வாழ்வில் வளருவோம்" என்று எழுதினால் யாரும் யாரையும் கேட்க முடியாது. "தினமும் ஒரு சங்கீதமும் ஒரு சுவிசேஷப் பகுதியும் வாசிப்பேன், குழுவில் உள்ள ஒவ்வொருவர் பேரையும் வாரத்தில் ஒரு முறையாவது சொல்லி ஜெபிப்பேன்" என்று எழுதினால் கேட்கலாம். ஒப்புக்கொடுப்பது ஒரு வருஷத்துக்கு மட்டும். வருஷ முடிவில் புதுப்பிக்க விரும்பாதவர் காரணம் சொல்லாமலே விலகலாம், அவரை வீட்டுக்கு வீடு போய்ச் சமாதானம் பண்ணக் கூடாது. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் இருப்பவர்கள் மனதார இருப்பார்கள்.

மேல்வீட்டறை

பெரோயன் அண்ணன் சொன்ன ஒழுங்கு சரி. நான் மாலைக் கூடுகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒழுங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் மாலை சரியில்லை என்றால் ஆட்கள் மெதுவாக வராமல் போய்விடுவார்கள்.

எண்ணிக்கை: 8 பேர் கூடினால் இருவர் இருவராக 28 உறவுகள். 14 பேர் என்றால் 91. ஆளுக்கு 3 நிமிஷம் பேசினாலே 42 நிமிஷம் போய்விடும், பதில் பேச்சு இல்லாமலே. 12-ஐத் தாண்டினால் அமைதியானவர்கள் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டமும் ஏறக்குறைய 12 பேர்தான். அது தொடங்கிய விதம் தெரியுமா? 1742-இல் பிரிஸ்டலில் கூட்ட மண்டபத்துக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்து, வசூலிக்க 12 பேருக்கு ஒருவரை நியமித்தார்கள். வீடு வீடாகக் காசு வாங்கப் போனவருக்கு, எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது. கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது அப்படித்தான். ஒரு ஆள் வாராவாரம் நேரில் விசாரிக்கக்கூடிய அளவுதான் சரியான அளவு.

உங்களுக்கு இப்போதே இரண்டாகப் பிரிய வேண்டாம். சாப்பாடும் கடைசி ஜெபமும் எல்லோருமாக. வேதப்பகுதிக்கு மட்டும் ஏழேழு பேராக இரண்டு அறையில் உட்காருங்கள். கணவன் மனைவி ஒரே வட்டத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல நேரம் தனித்தனியாக இருந்தால்தான் இருவரும் வாய் திறப்பார்கள்.

வேத வாசிப்புக்குத் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து பரவிய ஏழு படி முறையைவிட எளிதானது எனக்குத் தெரிந்து இல்லை. போதகர் இல்லாத குழுவுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒருவர் சிறு ஜெபத்தால் ஆண்டவரை அழைக்கிறார். பகுதியை ஒருவர் சத்தமாக வாசிக்கிறார். பிறகு அவரவர் மனதைத் தொட்ட ஒரு சொல்லையோ சொற்றொடரையோ மட்டும் சொல்கிறார்கள், விளக்கம் கிடையாது. அதே படியில் மறுபடி ஒரு முறை முழுப் பகுதியும் வாசிக்கப்படுகிறது. நான்காவது, மௌனம். 3 நிமிஷம் வையுங்கள், கடிகாரம் பார்த்து. ஐந்தாவதாக, அந்த வார்த்தை தன்னோடு என்ன பேசியது என்று பகிர்வது. ஆறாவதாக, குழுவாக நாம் இந்த வாரம் செய்ய வேண்டியது என்ன என்பது. ஏழாவது, ஜெபம்.

பெரும்பாலான குழுக்கள் ஆறாவது படியை விட்டுவிடுகின்றன. நேரம் ஆகிவிட்டது என்பார்கள். அந்தப் படி போனால் மிச்சம் இருப்பது நல்ல பேச்சு மட்டுமே. "யார், என்ன, எந்த நாளுக்குள்" என்று மூன்றும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும்; அடுத்த வாரம் சாப்பாட்டின்போது முதல் பேச்சு அதைப் பற்றியதாக இருக்க வேண்டும். "வேலை போனவருக்கு உதவ வேண்டும்" என்று எழுதாதீர்கள். "இரண்டு பேர் வியாழனுக்குள் அவர் வீட்டுக்குப் போய், விண்ணப்பம் தயாரிக்கக் கூட உட்காருவது" என்று எழுதுங்கள்.

நிறையப் பேசுகிறவர் பிரச்சினைக்கு ஒரே ஒரு விதி போதும்: எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைக்கும்வரை யாரும் இரண்டாவது முறை பேசக் கூடாது. "பாஸ்" சொல்வதும் வாய்ப்பைப் பயன்படுத்தியதாகவே கணக்கு. 1 கொரிந்தியர் 14:30, 31-ஐ எல்லோரும் வாசித்துவிட்டு இந்த விதியை வைத்தால் யாரையும் குறிவைத்தது போல இருக்காது. ஐந்தாவது படியில் அடுத்தவர் சொன்னதைத் திருத்தக் கூடாது. நடத்துபவர் அந்த வீட்டுக்காரராக இருக்கக் கூடாது (அவருக்கு வந்தவர்களைக் கவனிக்கும் வேலை இருக்கிறது), நன்றாகப் போதிக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டாம். மாதம் ஒருவர் என்று சுற்றில் விடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்க மாட்டேன். உபதேசம் வளராது. எல்லோரும் "என்னைத் தொட்டது" என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கலாம். அதற்கு மருந்து: விருப்பமான வசனங்களை எடுக்காமல் ஒரு புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை வாசிப்பது, ஒருவர் முன்கூட்டியே விளக்கவுரை படித்துவந்து தொடக்கத்தில் 10 நிமிஷம் பின்னணி சொல்வது, மாதத்தில் ஒரு மாலையை முழுப் போதனைக்குக் கொடுப்பது. அந்த மாலைக்கு வெளியிலிருந்தும் ஆள் கூப்பிடலாம்.

சாப்பாடு. 1 கொரிந்தியர் 11:21-இல் பவுல் கடிந்துகொள்வது இதைத்தான்: ஒருவர் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறார், இன்னொருவர் பசியோடு இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து வருபவர் பங்கைப் பரிமாறத் தொடங்கும் முன்னே எடுத்து மூடி வையுங்கள், மீந்ததைக் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பதார்த்தம், அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள். இல்லையென்றால் போட்டி வந்துவிடும், வசதி இல்லாத குடும்பம் "இந்த வாரம் முடியவில்லை" என்று ஒதுங்க ஆரம்பிக்கும். சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது. ஆண்களும் கழுவ வேண்டும். வேதப்பகுதி நடக்கும்போது அடுப்படியில் யாரும் இருக்கக் கூடாது. பெண்கள் பாதிப் பகிர்வைக் கதவோரத்தில் நின்று கேட்கிற ஐக்கியம் ஐக்கியமே அல்ல. இடம் சிறிய வீட்டுக்காரர் தன் முறைக்கு இன்னொரு வீட்டில் வைத்து விருந்தோம்பட்டும்; அன்று வரவேற்பதும் பரிமாறுவதும் ஆசீர்வாத ஜெபமும் அவருடையது.

முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். வந்து அமர 15, சாப்பாடு 40, வேதப்பகுதி 45, ஜெபம் 20 என்று இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

நெகேமியா5

பணமும் பிள்ளைகளும் மேற்பார்வையும் பற்றி யாரும் பேச விரும்ப மாட்டார்கள். ஐக்கியங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

காணிக்கைப் பெட்டி வைக்கும் முன் எதற்கு என்று எழுதுங்கள். கட்டடம், சம்பளம் இரண்டும் இல்லாததால் உங்கள் செலவு மிகக் குறைவு. நோக்கம் இல்லாமல் சேரும் பணம் தனக்கு ஒரு நோக்கத்தைத் தேடிக்கொள்ளும். அநேகமாகச் சத்தமாகப் பேசுகிறவருடைய நோக்கமாக அது இருக்கும். குழுவின் பேரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றால் பல நாடுகளில் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. பதிவு ஆகும்வரை பொதுப் பணம் சேர்க்கவே வேண்டாம். தேவை வரும்போது அறிவித்து, ஒவ்வொருவரும் நேராக அந்தத் தேவைக்குக் கொடுக்கட்டும். ஒருவரின் சொந்தக் கணக்கில் எல்லோர் காணிக்கையும் கிடப்பது அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் கூடாது. அவர் திடீரென்று இறந்துபோனால் அது அவர் வாரிசுகளின் கைக்குப் போய்விடலாம்.

கணக்குத் தொடங்கிய பிறகு: எண்ணுவது இரண்டு பேர், ஒரே குடும்பத்தார் அல்ல. எண்ணிய அன்றே தொகை எழுதி இருவரும் கையெழுத்து. பணம் எடுக்கவும் இரண்டு கையெழுத்து. நடத்துபவர் பொருளாளராக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எல்லோர் கையிலும். உதவி பெற்றவர் பேர் அந்தக் கணக்கில் வராது, தேதியும் தொகையும் மட்டும். பேர் தெரிந்த இரண்டு பேர் போதும். 2 கொரிந்தியர் 8:18-21-இல் பவுல் தன் கையில் வந்த பெரிய தொகைக்கே வேறு சகோதரரைக் கூட வைத்துக்கொள்கிறார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரம் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க.

கடன் கொடுக்காதீர்கள். கொடுக்க முடிந்தால் இலவசமாகக் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். திருப்பித் தர முடியாதவர் முதலில் வருவதை நிறுத்துவார்; பணத்தோடு ஆளையும் இழப்பீர்கள்.

ஊர் ஊராக வரும் ஊழியக்காரர்கள் சிறு குழுவைத் தேடி வருவார்கள். இதுவும் பழைய காரியம்தான். ஆதித் திருச்சபையின் திதாகே என்ற போதனை ஏடு, வரும் அப்போஸ்தலன் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. பணம் கேட்டாலும் அப்படியே. நீங்கள் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டாம். ஆனால் வெளியாளுக்குக் காணிக்கை எவ்வளவு என்பதை அவர் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பேசி முடித்த உருக்கத்தில் முடிவு செய்யாதீர்கள்.

பிள்ளைகள். 6 பேரையும் முதல் 20 நிமிஷம் வட்டத்திலேயே வைத்திருங்கள், பகுதியை வாசிப்பது ஒரு பிள்ளையாக இருக்கட்டும். பிறகு தனியாக அழைத்துப் போகும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒரே குடும்பத்தார் அல்லாதவர்கள், கதவு திறந்த அறை. படுக்கையறை கூடாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் பிள்ளைகள் பொறுப்பு கிடையாது. உங்கள் நாட்டில் காவல்துறைச் சான்று பெற வழி இருந்தால் எல்லோரும் பெற வேண்டும், மூப்பரும் சேர்த்து. பிள்ளை ஒன்று வாய் திறந்து ஒரு காரியம் சொன்னால் அது நேராகக் காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ போக வேண்டும். "முதலில் நமக்குள் விசாரிப்போம்" என்று உட்கார்ந்தால் குற்றம் செய்தவருக்கு நேரம் கிடைக்கிறது, பிள்ளைக்கு இரண்டாவது காயம் கிடைக்கிறது.

மேற்பார்வை. பிரான்சில் 1964-இல் ழான் வனியே தொடங்கிய லார்ஷ் ஐக்கியம் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து வாழும் மிக அருமையான முயற்சி, இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. வனியே 2019-இல் இறந்த பிறகு, லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2020-இல் வந்தது: ஆவிக்குரிய வழிநடத்துதல் என்ற பேரில் அவர் பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தார். பரிசுத்தவான் என்று உலகமே நம்பிய ஆள். அந்த ஐக்கியமே தன் ஸ்தாபகரைப் பற்றி உண்மையை வெளியில் சொன்னது பெரிய தைரியம். ஆனால் அந்த உண்மை வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆனது. உங்கள் 14 பேருக்கும் இது பொருந்தும்.

ஆகவே வெளியே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உறவினர் அல்ல, உங்களில் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல, தலைவர் மட்டும் கொண்டுவந்தவர் அல்ல. அவர்கள் எண் எல்லோரிடமும் இருக்க வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை வந்து, நடத்துபவர்கள் இல்லாமல் மற்றவர்களோடு பேச வேண்டும், கணக்கைப் பார்க்க வேண்டும். "இரண்டு மூன்று பேர் என் நாமத்தினாலே கூடியிருக்கிறார்களோ" என்ற மத்தேயு 18:20-ஐ எல்லா வீட்டுக் கூட்டமும் சொல்லும். அதற்கு முன்னால் 15-இலிருந்து 17 வரை இருப்பது தவறு செய்த சகோதரனோடு எப்படி நடந்துகொள்வது என்ற ஒழுங்கு. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

அத்திமரநிழல்

ரொம்ப நன்றி. மேல்வீட்டறை அக்கா சொன்ன இரண்டு வட்ட யோசனையை உடனே செய்துவிடலாம். ஒரு சகோதரர் மட்டும், "மனுஷருடைய அதிகாரத்தை விட்டுத்தானே வந்தோம், மறுபடி வெளியாட்களுக்கு ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்" என்கிறார். அடுத்து, திருவிருந்தும் ஞானஸ்நானமும் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வேறு நாட்டுக்குப் போய்விட்ட இரண்டு பேர் வீடியோவில் சேரவும் கேட்கிறார்கள்.

கிழக்குவாசல்

அந்தச் சகோதரரின் கேள்வி நியாயமானது. சபையில் காயப்பட்டவர் அப்படித்தான் கேட்பார். அதிகாரம் செலுத்துகிறவர் வேறு, அதிகாரத்தைத் தட்டிக் கேட்கிறவர் வேறு என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். வெளியாட்கள் இருவருக்கும் உங்கள் கூடுகையை நடத்தும் உரிமை இருக்காது. உங்களில் பலவீனமானவர் போய்ச் சொல்ல ஒரு இடம் இருக்கும், அவ்வளவுதான். காயம் மறுபடி நேராமல் காப்பதே அதுதான்.

ஞானஸ்நானம் எளிதான பகுதி. தண்ணீரும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால் மிகப் பல திருச்சபைகள் ஒன்றையொன்று அங்கீகரிக்கின்றன. 1982-இல் பெரு நாட்டின் லிமாவில் உருவான ஞானஸ்நானம், திருவிருந்து, ஊழியம் பற்றிய ஆவணம் இதில் பெரிய அடி எடுத்துவைத்தது. குழந்தைக்குக் கொடுக்கலாமா, முழுக்க வேண்டுமா என்பதில் உங்களுக்குள் வேறுபாடு இருக்கும். ஏற்கெனவே பெற்றவரை மறுபடி முழுக்குவதில்லை என்று மட்டுமாவது முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். சிறு குழுக்கள் கோட்டை விடுவது பதிவேட்டில்தான். பெற்றவர் முழுப்பேர், பிறந்த தேதி, பெற்றோர் பேர், ஞானஸ்நானத் தேதி, இடம், கொடுத்தவர், இரண்டு சாட்சிகள். இரண்டு பிரதி எழுதி ஒன்றைப் பெற்றவரிடம் கொடுங்கள். இருபது வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கோ வேறு சபையில் சேரவோ அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்படும். அன்று உங்கள் குழு இருக்கும் என்று உறுதியில்லை. சாத்தியமானால் பக்கத்துச் சபை ஒன்றின் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

திருவிருந்தில் இரண்டு வழி. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் ஒழுங்கில் குருப்பட்டம் பெற்றவர் நடத்த வேண்டும். லூத்தரன் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14-ஆம் பிரிவு, முறைப்படி அழைக்கப்படாதவர் அருட்சாதனம் நிறைவேற்றக் கூடாது என்கிறது. சகோதரர் சபைகளோ 1830-ஐ ஒட்டிய காலத்திலிருந்தே பட்டம் பெற்ற ஊழியர் இல்லாமல் வாராவாரம் அப்பம் பிட்கிறார்கள். உங்கள் குழுவில் இரண்டு பக்கமும் இருக்கும். ஆகவே மாதம் ஒரு முறை, எல்லோரும் ஏற்கும் ஒரு ஆயரை (குருப்பட்டம் பெற்ற போதகரை) அழைத்துத் திருவிருந்து. மற்ற வாரங்களில் அன்பின் விருந்து. இரண்டையும் கலக்காதீர்கள். அன்பின் விருந்தில் நன்றி ஜெபம் உண்டு, "இது என் சரீரம்" என்ற வார்த்தைகள் இல்லை. வேறுபாடு தெளிவாக இருந்தால் யார் மனசாட்சியும் நெருக்கப்படாது.

ஆயர் வரும் நாளில் சாப்பாட்டின் தொடக்கத்தில் அப்பமும், முடிவில் பாத்திரமும் என்று வைக்கலாம். லூக்கா 22:20-இல் போஜனம்பண்ணின பின்புதான் பாத்திரம். இரண்டுக்கும் நடுவில் பேச்சு வம்பாகப் போய்விடாமல் ஒரு வேதப்பகுதியை வாசியுங்கள். ஒரே அப்பம், கையால் பிட்கக்கூடியது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் முன்பே கேட்டு, வேறு பாத்திரத்தில் தனியாக வையுங்கள். குடியிலிருந்து மீண்டவர் ஒருவர் இருந்தாலும், உங்கள் ஒழுங்கு இடம்கொடுத்தால், எல்லோருக்கும் திராட்சைச் சாறு; அவருக்கு மட்டும் தனிக் கோப்பை கொடுத்து அடையாளம் காட்டாதீர்கள்.

வீடியோ பற்றி. இணையச் சபை முயற்சிகள் குறைந்தது 2004-இலிருந்து நடக்கின்றன. அந்த வருஷம் பிரிட்டனில் முப்பரிமாண ஆலயம் ஒன்றே இணையத்தில் திறந்தார்கள், தொல்லை கொடுக்க வந்தவர்களை வெளியேற்றத் தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 2002-லேயே இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் இரண்டு பேர் விஷயம் சிறியது. அறையின் மூலையில் ஒரு லேப்டாப்பை வைத்து அவர்களைச் சேர்த்தால் அவர்கள் பார்வையாளர்தான். சத்தம் கேட்காது, சாப்பாட்டு நேரம் வெறுமையாகப் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனி மாலை வையுங்கள், எல்லோருமே அவரவர் திரையில், 6 பேருக்கு மிகாமல், 50 நிமிஷம், அதே ஏழு படி. கூடவே அவர்கள் வாழும் ஊரில் நேரில் போய்ச் சேர ஒரு கூடுகையைக் கண்டுபிடிக்க உதவுங்கள். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர ஒரு ஆள் அங்கே வேண்டும்.

பெரோயன்

கிழக்குவாசல் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. மாதம் ஒரு முறை திருவிருந்தைக் குழுவிலேயே வைத்தால், ஞாயிறு சபை உள்ளவர்களும் மெதுவாக அங்கே போவதை நிறுத்திவிடுவார்கள். ஒருவரும் தீர்மானிக்காமலேயே நீங்கள் தனிச் சபை ஆகிவிடுவீர்கள். முதல் வருஷம் வேண்டாம். சபை இல்லாதவர்களை, சபை உள்ளவர் ஒவ்வொருவரும் தன்னோடு மாதம் ஒரு ஞாயிறு கூட்டிப்போகட்டும். காயப்பட்டவர் தனியாகப் போக மாட்டார், தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போவார். வருஷ முடிவில் ஒழுங்கைப் புதுப்பிக்கும்போது, தனிச் சபையாக வேண்டுமா என்பதை வெளியாட்கள் இருவரையும் வைத்துக்கொண்டு வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள்.

கிழக்குவாசல்

அதுவும் சரியான வழிதான். காலே வைக்க முடியாத அளவுக்கு ஆலயத்தில் காயப்பட்டவர் ஒருவர் இருந்தால் மட்டும், அவருக்காக ஆயர் வீட்டுக்கே வருவதை ஒரு வருஷம் தள்ளிப்போடாதீர்கள்.

மேல்வீட்டறை

பிரிவது பற்றி விட்டுவிட்டேன். தவறாமல் வரும் பெரியவர்கள் 18 ஆகும்போது யோசிக்கத் தொடங்குங்கள், பிரிவது அதற்கு ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதமும் இரண்டு வட்டங்களையும் நிரந்தரமாக்கி, ஒவ்வொன்றிலும் நடத்தத் தெரிந்தவர் இரண்டு பேரை உருவாக்குங்கள். நண்பர்கள் ஒருபுறம், புதியவர்கள் மறுபுறம் என்று பிரித்தால் புதியவர் குழு ஒரு வருஷம் தாண்டாது. வீடு இருக்கும் திசையை வைத்துப் பிரியுங்கள். "பெருகுகிறோம்" என்று சந்தோஷமாக அறிவித்தாலும் பலருக்கு அது துக்கமாகத்தான் இருக்கும், அழ இடம் கொடுங்கள். மாதம் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.

நெகேமியா5

நிறுத்துவதற்கும் விதி எழுதுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் 5 பெரியவர்களுக்குக் குறைவாக வந்தால், வெளியாட்கள் இருவரையும் அழைத்து, தொடர்வதா முடிப்பதா என்று பேச வேண்டும். முடித்தால் மீதிப் பணம் எந்த அறப்பணிக்குப் போகும் என்பது முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், உறுப்பினருக்குள் பங்கு போடக் கூடாது. ஞானஸ்நானப் பதிவேடும் கணக்குப் புத்தகமும் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சபை இல்லாத ஒவ்வொருவரையும் யார் எந்தச் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேர் பேராக முடிவு செய்த பிறகுதான் கடைசிக் கூடுகையின் தேதியைக் குறிக்க வேண்டும்.